பதினெட்டாம் விதியில் ஒரு ‘உம்’

மார்ச் 6

அக்கா,

இந்தக் கடிதத்தை அம்மா கண்ணில் படாமல் எடுத்துப் போய்ப் படி. அத்தானிடமும் இப்போதைக்குச் சொல்லாதே. அவர் ஒருவர் பயந்தால் நாலு பேர் பயந்த மாதிரி வீடு அல்லோலகல்லோலப்படும்.

ஏன் போன் செய்யவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். போன் என்னிடம் இல்லை. எங்கள் கிடங்கில் ஒரு விபத்து நடந்துவிட்டது. மறுநாளே எல்லோருடைய போனையும் பாஸ்போர்ட்டையும் மேலாளர் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். விடுதிக்கு வரும் தபாலையும் பிரித்துப் பார்த்துத்தான் தருகிறார்கள். அதனால் தெருமுனையில் சலவைக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் விலாசத்துக்கே பதில் போடு. உறைமேல் என் பெயர் வேண்டாம்.

நடந்தது இதுதான். மீன்களை உறைய வைக்கும் அமோனியா இயந்திரத்தில் சேரும் பழைய எண்ணெயை வாரத்துக்கு ஒருமுறை வடிக்க வேண்டும். வடிக்கும் வால்வில் ஸ்பிரிங் இருக்கும், கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். எங்கள் வால்வில் அந்த ஸ்பிரிங் போய் ஏழு மாதம் ஆகிறது. நானே மூன்று முறை பதிவேட்டில் எழுதினேன். பிப்ரவரி 19 காலை நானும் என்னோடு வேலை செய்யும் தாடி அண்ணனும் வடித்துக்கொண்டிருந்தபோது வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. வாயு வந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். அவர் வரவில்லை. அதற்குமேல் எழுத முடியவில்லை.

இப்போது என்னிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். அவர் அஜாக்கிரதையாக வால்வை முழுதாகத் திறந்தார், நான் தடுத்தும் கேட்கவில்லை என்று அதில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் என்னுடையதாக இருக்க வேண்டுமாம். மேலாளர் குரலை உயர்த்துவதே இல்லை. உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, "தம்பி, உள்ளே இருந்தது ரெண்டே பேரு. அவர் மேல தப்பு இல்லேன்னா உங்க மேலதானே வரும்? கேஸ்னு வந்தா இங்க நடக்காது. பதினெட்டாம் விதி பார்த்திருப்பீங்களே. எல்லாம் தலைமை ஆபீஸ் இருக்கிற தீவுலதான். டிக்கெட் நாங்களே போட்டுத் தரோம்" என்கிறார். அந்தத் தேநீரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தேன்.

அந்த ஒப்பந்தத்தை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் உன் ஏஜென்ட் ஆபீஸில் நீதானே தட்டச்சு செய்தாய்? பதினெட்டாம் விதி என்ன சொல்கிறது? என் பிரதி பெட்டியின் அடியில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கக் கை வரவில்லை. பார்க்காதவரை ஒன்றும் இல்லை என்று நம்பலாம் அல்லவா.

தாடி அண்ணனின் மனைவி இந்த ஊர்க்காரர். தொழிலாளர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறார். தினமும் கிடங்கு வாசலில் வந்து நிற்கிறார். நான் பின்வாசல் வழியாகப் போய் வருகிறேன்.

சீக்கிரம் எழுது.

உன் தம்பி


மார்ச் 15

தம்பி,

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டு முறை. வெளியே வந்ததும் அம்மா, "என்னடி, முகம் கழுவவா இவ்வளவு நேரம்?" என்றாள். கண்ணில் சோப்பு போய்விட்டது என்றேன்.

பதினெட்டாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த ஆறு வருஷத்தில் எத்தனை பேருக்கு அடித்திருப்பேன்! "இவ்வொப்பந்தம் தொடர்பான எந்தத் தகராறுக்கும், தலைமை அலுவலகம் அமைந்துள்ள இடத்தின் நீதிமன்றத்தில் மட்டும் வழக்குத் தொடரலாம்." மட்டும். அடிக்கும்போது அது எனக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான். அந்த வரிக்குள் ஒருநாள் என் தம்பி போய் மாட்டுவான் என்று கனவா கண்டேன்?

அந்தத் தீவுக்குப் போனவர் கதையை உனக்கு நான் சொன்னதில்லை. எங்கள் ஆபீஸ் வழியாகப் போன பெயின்டர் ஒருவர், சாரத்திலிருந்து விழுந்து கால் போனவர், வழக்குப் போட அங்கே போனார். பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாய்தா, வாய்தா, வாய்தா. நீ இருக்கும் ஊர் மாதிரி அங்கே தமிழும் கிடையாது, தெரிந்த முகமும் இல்லை. இரண்டரை வருஷம் கழித்துத் திரும்பி வந்து எங்கள் ஆபீஸ் பெஞ்சில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். கேள்வி புரியாதவர் மாதிரி பார்த்தார். அவர் வழக்குப் போட்டவர். உன்மேல் அவர்கள் வழக்குப் போட்டால்?

அதனால் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டுவிடு. போனவர் போய்விட்டார். அவருக்குக் கெட்ட பெயர் வந்தால் அவர் காதில் விழவா போகிறது? இதை எழுதும்போதே என் கை கூசுகிறது. கூசினால் கூசட்டும். நீ உயிரோடு வீட்டுக்கு வந்தால் போதும்.

அத்தானிடம் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. "ஊர் வம்பு நமக்கெதுக்கு, போட்டுட்டு வரச் சொல்லு" என்றுதான் அவரும் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

உன் கடிதம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

தாடி அண்ணன் காதில் விழாது என்றாய். அவர் மனைவி காதில் விழுமே. அவருடைய எட்டு வயது மகளின் காதில் விழுமே. நான் வந்த முதல் மாதம் காய்ச்சலில் கிடந்தபோது தன் போர்வையைக் கொண்டுவந்து போர்த்திய மனிதர் அவர். அவர் பெயரில் பொய் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் வருவது உன் தம்பியா?

கோபத்தில் பெட்டியைத் திறந்து என் பிரதியை எடுத்தேன். கோபமாக இருக்கும்போது பயம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. பதினெட்டாம் விதியைப் படித்தேன். நீ எழுதியது அதில் இல்லை. அப்படியே பார்த்து எழுதுகிறேன்: "தலைமை அலுவலகம் அமைந்துள்ள இடத்தின் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரலாம்."

நீதிமன்றத்திலும். ‘மட்டும்’ எங்கே போயிற்று? சலவைக்கடை அம்மாவிடம் காட்டினேன். அவருடைய தம்பி தொழிலாளர் நீதிமன்றத்தில் குமாஸ்தா. இஸ்திரி போட்ட சட்டையை வாங்க வந்தவர், கடையில் நின்றபடியே படித்தார். "'மட்டும்'னு இருந்தா மத்த கோர்ட்டுக்கெல்லாம் வழியடைச்சாச்சுன்னு அர்த்தம். 'உம்'னா அங்கயும் போகலாம், இங்கயும் போகலாம். இந்தத் தாளைப் பத்திரமா வச்சுக்கப்பா" என்றார். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, "இதை அடிச்ச புண்ணியவான் யாரு?" என்றும் கேட்டார். சொல்லவில்லை.

நீ பார்க்காமல் எழுதினாயா, இல்லை என்னைக் கையெழுத்துப் போடவைக்க வேண்டுமென்றே அப்படி எழுதினாயா? எதுவானாலும் சொல்லிவிடு. நாளை இந்த ஊர் நீதிமன்றத்தில் மனு கொடுக்கப் போகிறேன். தீவுக்கு என்னை அனுப்பக் கூடாது, வழக்கு எதுவானாலும் இங்கேயே நடக்க வேண்டும் என்று. என்னைத் தீவுக்குக் கடத்திவிட்டால் தாடி அண்ணன் மனைவியின் புகாருக்குச் சாட்சியே கிடையாது. அதற்குத்தான் இந்த இலவச டிக்கெட்.

மனு கொடுத்தபின் என்ன செய்வார்களோ. இரவில் விடுதிக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுக்கிறேன்.

தம்பி


மார்ச் 29

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

தங்கள் நலன் அறிய ஆவல். தங்களிடம் உள்ள ஒப்பந்தப் பிரதியில் அலுவலக முத்திரை ஒன்று விடுபட்டுள்ளது. ஆகவே அசல் பிரதியை உடனடியாக எமது அலுவலக விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கவும். முத்திரையிட்டு ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பப்படும். இதில் தாமதம் ஏற்பட்டால் தங்களுக்கே சிரமம்.

இப்படிக்கு,
தங்கள் சகோதரி


மார்ச் 30

தம்பி, ஐயோ தம்பி,

நேற்றைய கடிதம் கிடைத்திருந்தால் தாளை அனுப்பாதே. அனுப்பாதே. ஏஜென்ட் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அடித்தது அது. சலவைக்கடை விலாசத்தை நான் சொல்லவில்லை. என் பையிலிருந்த உன் உறையை எடுத்துப் பார்த்துவிட்டார். இதைத் தபால் நிலையக் கவுண்டரில் நின்றபடி கையால் எழுதுகிறேன். நான் திட்டினாலும் அது என் கோணல் எழுத்தில் வந்தால்தான் நம்பு.

‘மட்டும்’ எங்கே போயிற்று என்று கேட்டாயே. நான்தான் எடுத்தேன். சேர்ந்து கிளம்பிய உங்கள் நாலு பேருக்கும் அடித்த அன்று, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார் ஏஜென்ட். விதிகள் இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டும், மூன்றாம் பக்கம் கையெழுத்துக்கு. பெரிதாக்கியதும் கடைசி விதியில் ஒரு வரி வழிந்து மூன்றாம் பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. அங்கே இங்கே தட்டிப் பார்த்தேன். ‘தில் மட்டும்’ என்பதில் நடுவே கொஞ்சம் அழித்தால் ‘திலும்’ என்று ஆகிறது. வரி அடங்கிவிட்டது. அர்த்தம் ஒன்றுதானே என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அது நினைவிலேயே இல்லை எனக்கு. உன்னிடம் பொய் சொல்லவில்லை, தம்பி. அடித்தவளுக்கே தெரியாது, அவ்வளவுதான்.

உன் மனுவைப் பார்த்துவிட்டு நிறுவன வக்கீல் ஏஜென்டைக் கூப்பிட்டிருக்கிறார். திங்கட்கிழமை அவர்களுடைய பிரதி இங்கே வந்தது. அதிலும் ‘உம்’தான். ஏஜென்ட் என்னிடம், "ரெண்டாம் பக்கத்தை மட்டும் பழையபடி அடிம்மா" என்றார். அடித்துக் கொடுத்தேன். கையெழுத்து மூன்றாம் பக்கத்தில்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியும்? பின்னைப் பிரித்துப் பக்கத்தை மாற்றினார். என் கண் முன்னால். மற்ற மூன்று பேர் தாளும் முன்பே ஆபீஸுக்கு வந்து சேர்ந்தாயிற்று, இனி உன்னுடையது ஒன்றுதான் பாக்கி. அதையும் வாங்கி மாற்றிவிட்டால் ‘உம்’ என்று ஒன்று இருந்ததே இல்லை.

"உன் கைதான்மா ரெண்டு தடவையும் அடிச்சிருக்கு. போலீஸ்னு வந்தா முதல்ல யாரைக் கேப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்போதிருந்து தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றால் எட்டிப் பார்க்கிறேன்.

கையெழுத்துப் போடு என்று எழுதினேன் அல்லவா, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

அச்சடித்த கடிதம்தான் முதலில் வந்தது. நீ கேட்கிறாய் என்று தாளை உறைக்குள் போட்டு ஒட்டியும் விட்டேன். சலவைக்கடை அம்மா, என்ன அவசரம் என்று கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "எந்த அக்காடா தம்பியை 'தங்கள்'னு எழுதுவா? உங்க அக்கா உன்னை 'டா' போட்டுத்தானே பேசுவா?" என்றார். பதிவுத் தபால் கவுண்டர் மூட அரை மணி நேரம் இருந்தது. உறையை அவர் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்று நாள் கழித்து உன் கோணல் எழுத்து வந்தது. படித்தபின் கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மனுவை எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் தன் பிரதியைக் காட்டி, இதில் ‘மட்டும்’ என்றுதான் இருக்கிறது, தொழிலாளி தன் பிரதியைத் திருத்திவிட்டார் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நீதிபதி, தட்டச்சு செய்தவரின் வாக்குமூலம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். சத்தியம் செய்து, உங்கள் ஊர் நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மாதக் கடைசிக்குள்.

நீ வரியைச் சுருக்கிய கதையை எழுதாதே. அது எழுத்துப்பிழை என்று ஆகிவிட்டால், உண்மையான விதி ‘மட்டும்’தான் என்று சொல்லி என்னைக் கப்பலேற்றிவிடுவார்கள். "ஏஜென்ட் சொன்னபடிதான் ‘நீதிமன்றத்திலும்’ என்று அடித்தேன்." இந்த ஒரு வரி போதும். பக்கத்தை மாற்றியதையும் சொல்ல வேண்டாம், உனக்கு ஆபத்து.

நேற்று இயந்திர அறைக்குத் தனியாகப் போகச் சொன்னார்கள். வால்வில் இன்னும் ஸ்பிரிங் இல்லை. போனேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வெளியே ஓடி வந்து வாந்தி எடுத்தேன். மேலாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

எப்படியாவது இங்கேயே வழக்கு நடக்கட்டும், அக்கா. சில சமயம் அதுவும் பயமாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

தம்பி


ஏப்ரல் 18

தம்பி,

வாக்குமூலம் தனி உறையில், நேரே நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இனி யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. உன்னாலும் முடியாது.

செத்தவர்மேல் பொய் சொல்ல மாட்டேன் என்று என்மேல் எரிந்து விழுந்தாயே, உயிரோடு இருப்பவர்மேல் சொன்னால் பரவாயில்லையா? ஏஜென்ட் அயோக்கியர்தான். ஆனால் அவர் அப்படி அடிக்கச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன். நான் சுருக்கினேன் என்பதையும், போன மாதம் பக்கத்தை மாற்றி அடித்தேன் என்பதையும் எழுதினேன். நோட்டரி இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சுத்தானே போடறீங்க?" என்றார். யோசித்தால் போட மாட்டேன் சார் என்றேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது, நான் மறந்தே போயிருந்த ஒன்று ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போடும் முன் ஏஜென்ட் உங்கள் நாலு பேரையும் நிற்க வைத்து விதிகளைச் சத்தமாக வாசித்தார், நினைவிருக்கிறதா? நான் அடித்துக் கொடுத்த தாளைத்தான் வாசித்தார். ‘நீதிமன்றத்திலும்’ என்றுதான் வாசித்தார். உன்னோடு வந்த அந்தக் குட்டையான வெல்டர், "அப்போ வேலை பாக்குற ஊர்லயும் கேஸ் போடலாமா சார்?" என்று கேட்டார். ஏஜென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்ப்பா, போடலாம், போடலாம், கையெழுத்தைப் போடு" என்றார். நான் முத்திரை மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. உங்கள் காதில் விழுந்தது இதுதான். அதையும் எழுதிவிட்டேன். இது போதுமா, போதாதா என்று சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும். பொய் எழுதியிருந்தால் இன்னும் பத்திரமாக இருந்திருக்குமோ என்று இந்த நிமிஷம்கூட மனம் அடித்துக்கொள்கிறது.

வேலை போய்விட்டது. அதை எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது அத்தான். ஏஜென்ட் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தியபோது, ஊர் வம்பு வேண்டாம் என்கிற உன் அத்தான் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "பேசறதை கோர்ட்டுல பேசுங்க" என்றார். உள்ளே வந்ததும் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவள் உன் சட்டைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

அங்கே வழக்கு நடந்தால் பயம் என்று எழுதியிருந்தாய். ஏன் என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை.

அக்கா


மே 2

அக்கா,

வழக்கு இங்கேதான் நடக்கும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மூச்சு விடு.

நிறுவன வக்கீல் உன் வாக்குமூலத்தைத் தூக்கிக் காட்டி, "அடித்தவரே பிழை என்று ஒப்புக்கொள்கிறார்" என்றார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிழையான தாளைத்தான் உங்க ஆளே சத்தமா வாசிச்சிருக்கார். கேட்டதுக்கு ஆமான்னும் சொல்லியிருக்கார். இவங்க எதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாங்களோ அதுதான் ஒப்பந்தம். சரி, பிழைன்னு தெரிஞ்சதும் இங்க வந்து சொல்லாம ஏன் பக்கத்தை மாத்தினீங்க?" என்றார். வக்கீல் தாள்களைப் புரட்டினார். நீ பக்கத்தை மாற்றியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்று கப்பலில் இருந்திருப்பேன். பாஸ்போர்ட்டையும் போனையும் திருப்பித் தரச் சொன்னார்கள், பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். உன்னைப் பற்றித் தனியாக விசாரிப்பார்களாம். குமாஸ்தா, தானாக ஒப்புக்கொண்டவரை அவ்வளவாக வருத்த மாட்டார்கள் என்கிறார். எனக்கு நம்பிக்கையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

போன் கிடைத்தும் ஏன் எழுதுகிறேன் என்றால், இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வெளியே வந்து தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். தாடி அண்ணனின் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மாதமாக யாருக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போனேனோ அவர். "தீவுக்குப் போயிருந்தீன்னா உன்னை நான் எங்க வந்து பார்த்திருப்பேன்? ரெண்டு பஸ் மாறினா இங்க வந்துடலாம்" என்றார். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அன்னைக்கு உள்ளே என்ன நடந்துச்சு, தம்பி? யாருமே எனக்குச் சொல்லலை" என்றார்.

அக்கா, உனக்கும் நான் சொல்லவில்லை. வால்வு சிக்கியதும் அவர் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையை விட்டால் அறை முழுக்க வாயு வந்திருக்கும். அவர் பிடித்திருந்ததால்தான் நான் கதவுவரை போக முடிந்தது. முகமூடி ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. அது என் முகத்தில் இருந்தது. அவர் கூப்பிட்டார். வால்வைத் திருப்பி மூடும் ஸ்பானர் கதவருகே என் காலடியில்தான் கிடந்தது. நான் ஓடிவிட்டேன். தீவுக்குப் போனால் இதைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். டிக்கெட்டை வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அத்தனையையும் அவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டாரு?"

"'தம்பி, ஸ்பானர்'னு."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பிறகு, "நாளைக்குக் கோர்ட்டுல ஸ்பிரிங் இல்லாததையும் சொல்லு, இதையும் சொல்லு. ஒண்ணைச் சொல்லி ஒண்ணை விடாதே" என்றார்.

அவர் கொடுத்த புகாரின் விசாரணை நாளைக் காலை பத்தரை மணிக்கு, முதல் சாட்சி நான்தான். இதைச் சொன்னதும் அந்த வக்கீல் என்னைத்தான் பிடித்துக்கொள்வார் என்று குமாஸ்தா எச்சரித்திருக்கிறார். முன்வரிசையில் அவர் மகளும் உட்கார்ந்திருப்பாளாம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, அக்கா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உனக்குப் போன் செய்கிறேன்.

தம்பி